இளைத்த உடம்புக்கு ஏன் எப்போதும் குளிர்கிறது?

விருதுநகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஒன்றரை வருடத்தில் 86 கிலோவிலிருந்து 64 கிலோவுக்கு இறங்கியிருக்கிறார். சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது, மூட்டு வலி குறைந்துவிட்டது. ஒரே ஒரு தொல்லை. “சித்திரை மாதத்தில்கூட ஆபீஸ் ஏசியில் சால்வை இல்லாமல் உட்கார முடியவில்லை. விரல் நுனியெல்லாம் சில்லிட்டுக் கிடக்கிறது. தைராய்டு டெஸ்ட் எடுத்துப் பார்த்தார்கள். டிஎஸ்எச் நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் இது என் மனப்பிரமையா?”

மனப்பிரமை இல்லை. எடை குறைத்தவர்கள் பலர் இதைச் சொல்கிறார்கள். எடை குறைக்கும் ஊசி மருந்துகளான மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்ட நிலையில், இந்தக் கேள்வியோடு மருத்துவரிடம் போகிறவர்கள் இன்னும் கூடுவார்கள்.

கொழுப்பு வெப்பத்தைத் தடுக்கும், அது கரைந்தால் குளிரத்தானே செய்யும் என்பார்கள். பாதி உண்மை. தசையோடு ஒப்பிட்டால் கொழுப்பின் வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ பாதிதான். ஆனால் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஓர் அளவீட்டைப் பாருங்கள். உடல் பருமன் உள்ளவர்களின் வயிற்றுத் தோல், மற்றவர்களுடையதைவிட ஒரு டிகிரி குளிர்ந்திருந்தது. கொழுப்பு உள்வெப்பத்தை வெளியே விடவில்லை. அந்த வெப்பம் வேறு வழியாக வெளியேறியாக வேண்டும். அது போனது கை வழியாக: அவர்களின் நகத்தடி வெப்பம் சுமார் 34 டிகிரி செல்சியஸ், மற்றவர்களுக்கு 29-க்கும் கீழே. ஐந்து டிகிரி வித்தியாசம்! நம் வாசகி இத்தனை காலம் தன் கைச்சூட்டை இயல்பு என்று நினைத்திருப்பார். உண்மையில் அவருடைய கைகள் உடம்பின் உபரி வெப்பத்தை இரவு பகலாக வெளியேற்றிக்கொண்டிருந்தன. அந்த வேலை இப்போது அவற்றுக்கு இல்லை. அவர் உணரும் குளிரில் ஒரு பங்கு, ஒல்லியானவர்களின் கைகள் எப்போதும் இருக்கும் நிலைதான்.

மீதிப் பங்குதான் என்னை வியக்க வைப்பது. அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு சுண்டெலி. ஒரு மரபணு பழுதாகிப் பிறக்கும் இந்த எலி வகை, சாதாரண எலியைப்போல இரண்டு மூன்று மடங்கு எடை போடும். உடம்பெல்லாம் கொழுப்பு. கொழுப்பு வெறும் போர்வை என்றால் இதற்குக் குளிரே தெரியக்கூடாது. ஆனால் இதன் உடல் வெப்பம் எப்போதும் குறைவு. 4 டிகிரி குளிரில் திடீரென வைத்தால் சில மணி நேரத்தில் செத்துப்போகும். பழுதான அந்த மரபணு எதைச் செய்கிறது என்பதை 1994-ல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு கண்டுபிடித்தது. கொழுப்புச் செல்கள் ரத்தத்தில் விடும் லெப்டின் என்ற ஹார்மோன். அதை ஊசியாகப் போட்டதும் எலி இளைத்தது, உடம்பும் சூடானது. இளைத்து, அதே நேரத்தில் சூடானது என்பதைக் கவனியுங்கள்.

பழைய கூட்டுக் குடும்பத்து வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பெல்லாம் நெற்குதிரில். வீட்டை நடத்துவது பாட்டி. மூளையின் ஹைப்போதலாமஸ்தான் அந்தப் பாட்டி. பாட்டிக்குக் கண் தெரியாது. குதிரில் எவ்வளவு இருக்கிறது என்று தினமும் வந்து சொல்லும் பேரன்தான் லெப்டின். அந்தச் சுண்டெலி வீட்டில் குதிர் நிரம்பி வழிகிறது, பேரன்தான் இல்லை. பாட்டி, குதிர் காலி என்றே முடிவு செய்து அடுப்பைத் தணித்துவிடுகிறாள். நாம் உணவைக் குறைத்தால், குதிர் குறைவதற்கு முன்பே பேரனின் குரல் இறங்கிவிடும். இரண்டு மூன்று நாள் பட்டினியில் கொழுப்பு பெரிதாகக் குறைந்திருக்காது. லெப்டினோ பாதிக்கும் கீழே போய்விடும். குதிருக்கு நெல் வண்டி வரவில்லை என்றதுமே பேரன் பதறுகிறான்.

பாட்டி அடுப்பை எப்படித் தணிக்கிறாள்? தைராய்டு சுரப்பியை ஒரு விறகுக் கடையாக வையுங்கள். அங்கிருந்து வருவது பெரும்பாலும் தைராக்சின் என்ற டி4. அது முழுக் கட்டை, அப்படியே எரியாது. பிளந்தால்தான் எரியும். பிளந்த விறகுதான் டி3. நம் உடம்பின் டி3-ல் சுமார் 80 சதவீதம் சுரப்பிக்கு வெளியே, கல்லீரல் போன்ற உறுப்புகளில் இப்படிப் பிளந்து கிடைப்பதுதான். டி4 மூலக்கூறில் இரண்டு வளையங்கள். வளையத்துக்கு இரண்டாக நான்கு அயோடின் அணுக்கள். டீஅயோடினேஸ் என்ற நொதி வெளி வளையத்திலிருந்து ஓர் அயோடினைக் கழற்றினால் டி3. அதே ஒற்றை அயோடினை உள் வளையத்திலிருந்து கழற்றினால் கிடைப்பது ரிவர்ஸ் டி3. இரண்டிலும் அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, அதே எடை. ஒன்று செல்லின் உட்கருவுக்குள் போய் வெப்பத்தைக் கூட்டும் மரபணுக்களைத் தூண்டும். மற்றதால் எந்தப் பயனும் இல்லை. நாருக்குக் குறுக்கே வெட்டிய கட்டைபோல அடுப்பில் கிடந்தும் பற்றாது. ஓர் அணுவை எந்தப் பக்கம் கழற்றுவது என்பதில் உடம்பின் சூடு அடங்கியிருக்கிறது. இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டை நான் உயிர் வேதியியலில் வேறெங்கும் பார்த்ததில்லை.

உணவு குறையும்போது, முக்கியமாக மாவுச்சத்து குறையும்போது, வெளி வளையத்தை வெட்டும் கல்லீரல் நொதி மந்தமாகிறது. டி3 இறங்குகிறது. ரிவர்ஸ் டி3-யை அப்புறப்படுத்துவதும் அதே நொதியின் வேலை என்பதால் அது தேங்குகிறது. டி3 மிகுந்திருக்கும்போது செல்களின் சவ்வில் உள்ள அயனிப் பம்புகள் ஓயாமல் ஓடும். தசைச் செல்லுக்குள் கால்சியத்தை அதன் சேமிப்புப் பைக்குள் தள்ளுவதும் அது கசிவதும் திரும்பத் தள்ளுவதுமாக ஆற்றல் வெப்பமாகிக்கொண்டே இருக்கும். டி3 இறங்கினால் இந்த ஓட்டம் தளர்கிறது.

வாசகியின் டிஎஸ்எச் ஏன் நார்மல் என்பதும் இப்போது விளங்கும். டிஎஸ்எச் என்பது வீட்டிலிருந்து விறகுக் கடைக்குப் போகும் சீட்டு. கடை நன்றாகத்தான் இருக்கிறது, சீட்டிலும் கோளாறில்லை. மாறியது கொல்லைப்புறத்தில் விறகு பிளக்கும் விதம். மருத்துவர் சொன்னது சரி: சுரப்பியில் நோய் இல்லை. வாசகி சொன்னதும் சரி: வெப்பம் குறைந்திருக்கிறது.

அடுப்பு தணிந்தால் பாட்டி அடுத்து உள்ளறையைக் காப்பாற்றுகிறாள். இடைகழிக் கதவைச் சாத்திவிடுகிறாள். திண்ணையில் படுத்திருப்பவர்கள் நடுங்குவார்கள். நம் திண்ணை விரல், பாதம், மூக்கு நுனி. அங்கே ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. குளிரை முதலில் உணர்வது தோல் என்பதால், தெர்மாமீட்டர் 98 டிகிரி ஃபாரன்ஹீட்டைக் காட்டும்போதே நமக்குக் குளிரெடுக்கும்.

இதெல்லாம் லெப்டினின் வேலைதான் என்பதற்கு மனிதர்களிடமே சான்று உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ரோசன்பாமும் ரூடால்ஃப் லைபலும் 10 சதவீத எடை குறைத்தவர்களுக்கு, இளைப்பதற்கு முன்பிருந்த அளவுக்கு லெப்டினை ஊசியில் ஏற்றினார்கள். குறைந்திருந்த டி3-யும் ஆற்றல் செலவும் பழைய நிலையை நோக்கித் திரும்பின என்று 2005-ல் எழுதினார்கள். குதிர் நிரம்பவில்லை, பேரனின் குரலை மட்டும் உயர்த்தினார்கள்.

வரலாற்றையும் தொட்டுவிடுகிறேன். 1945-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், போரில் ஆயுதமேந்த மறுத்த 36 இளைஞர்களை அவர்களின் சம்மதத்தோடு 24 வாரம் அரைப் பட்டினியில் வைத்தார். கால் பங்கு எடை போனது, அடிப்படை வளர்சிதை மாற்றம் சுமார் 40 சதவீதம் சரிந்தது. அவர்கள் கோடையிலும் போர்வை கேட்டார்கள். சூடான தட்டை வெறுங்கையில் பிடித்திருந்தும் உறைக்கவில்லை. சாப்பாடு இன்னும் கொதிக்கக் கொதிக்க வேண்டும் என்றார்கள். நம் வாசகி இழந்ததும் கால் பங்குதான். ஆனால் அந்த இளைஞர்கள் தொடக்கத்திலேயே மெலிந்தவர்கள், கடைசியில் எலும்பும் தோலுமானார்கள். அவர்கள் கதையைச் சொல்லி இவரை யாரும் பயமுறுத்த வேண்டாம்.

பயமுறுத்தும் இன்னொரு கதை 2016-ல் பரவியது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடை குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து கெவின் ஹால் குழு அளந்தபோது, அவர்களின் உடம்பு ஓய்வில் எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கிலோகலோரி குறைவாக எரித்தது. அது 24 வாட் வெப்பம்; சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் வெளியிடுவது 80 முதல் 100 வாட் வரை என்பதால் பெரிய இழப்புதான். “டயட் மெட்டபாலிசத்தையே அழித்துவிடும்” என்று தலைப்புப் போட்டார்கள். அதே ஆய்வில், எடையைத் திரும்ப ஏற்றாமல் காத்துக்கொண்டவர்களுக்குத்தான் இந்தச் சரிவு கூடுதலாக இருந்தது. அழிந்துபோன உடம்பு அப்படி நடந்துகொள்ளாது. இது உடம்பு காட்டும் எதிர்வினை.

‘மெட்டபாலிசம் பூஸ்டர்’ என்று விற்கும் பொடிகளிலும் டீத்தூளிலும் காசைக் கொட்டாதீர்கள். டீஅயோடினேஸ் நொதிகளில் செலினியம் இருக்கிறது என்ற உண்மையை வைத்துக்கொண்டு செலினியம் மாத்திரை விற்கிறார்கள். செலினியம் பற்றாக்குறை இல்லாதவருக்கு அதனால் குளிர் போகாது. ஆபத்தானது, தைராய்டு மாத்திரையைத் தானாக வாங்கிப் போட்டுக்கொள்வது. இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தசையும் கரையும். எடை குறைக்க இதைத் தரக்கூடாது என்று அமெரிக்காவில் அந்த மாத்திரையின் விவரக் குறிப்பிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை எளிமையானவை. எடை தேவையான இடத்துக்கு வந்துவிட்டால் கலோரிப் பற்றாக்குறையை நிறுத்துங்கள். எடையைத் தக்கவைக்கும் அளவுக்குச் சாப்பிடத் தொடங்கினால் டி3 ஓரளவு மீளும், குளிரும் குறையும். பருப்பு, முட்டை, மீன், தயிர் என்று புரதம் சேருங்கள். உண்ட புரதத்தின் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் செரிமானத்திலேயே வெப்பமாகிவிடும். இழக்கும் எடையில் தசையும் போகும் என்பதால் எடை தூக்கும் பயிற்சி அவசியம்.

நம் ஊரில் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. இரும்புச்சத்து குறைந்தவர்களால் உடல் வெப்பத்தைக் காப்பாற்ற முடிவதில்லை. டி4, டி3 ஆவதும் குறைகிறது. சாப்பாட்டைக் குறைத்தவர்களுக்கு இரும்பும் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். எனவே விருதுநகர் வாசகிக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது ஹீமோகுளோபினும் ஃபெர்ரிட்டினும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முயற்சி செய்யாமலேயே எடை இறங்கிக் குளிரும் எடுக்கிறவர்கள் எதற்கும் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.