தாம்பரமும் அதன் ஏரிகளும்

சென்னைக் கடற்கரை நிலையத்தினின்று மின்சார வண்டியில் 29 கிலோமீட்டர் பிரயாணஞ் செய்வோர் தாம்பரத்தை அடைவர். அங்கு இறங்கும் ஜனத்திரளைக் காண்போர், இவ்வூர் ஒரு காலத்தில் நோயாளர் நற்காற்றை நாடி வந்த கிராமமாய் இருந்ததென்பதை எளிதில் நம்பார். 1928-இல் இங்கு நிறுவப்பெற்ற காசநோய் ஆரோக்கிய நிலையமே இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாய் விளங்குகின்றது.

1931-ஆம் வருஷம் மே மாதம் 11-ஆம் தேதி கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவில் முதன்முதல் ஓடிய மின்சார ரயில் இதுவே. 1937-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியும் ஜார்ஜ் டவுனை விடுத்து இங்கு வந்தமர்ந்தது. பட்டணத்தில் உத்தியோகம், புறநகரில் வீடு என்னும் வாழ்க்கைக்கு ரயில் வழி திறந்தது, குடிகள் பெருகின. 2021-இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று.

இவ்வளர்ச்சியில் நாம் ஊன்றி நோக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. இங்குள்ள ஊர்கள் பலவும் ஏரியை ஒட்டி அமைந்தவை. நம் முன்னோர் அவ்வேரிகளைச் சங்கிலிபோற் பிணைத்தனர். ஓர் ஏரி நிரம்பியதும் மிகுநீர் கலங்கலின் மேல் வழிந்து, கால்வாயிற் சென்று, தாழ்விலுள்ள மற்றோர் ஏரியை அடையும். சிட்லப்பாக்கத்து நீர் செம்பாக்கத்துக்கும், அங்கிருந்து நன்மங்கலம் வழியாய்ப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கும் செல்லும். மேற்புறத்து நீர் அடையாற்றிற் கலக்கும்.

வயல்கள் இருந்தமட்டும் கரையைக் காப்பதும் கால்வாயைத் தூர் வாருவதும் உழவர்தம் கவலையாய் இருந்தன. வயல்கள் மனைகளான பின்னர், மதகைத் திறப்பாரும் இல்லை; கால்வாயை நினைப்பாரும் இல்லை. கோடையில் வறண்டு கிடக்கும் கால்வாயை வீண் நிலமென்று கருதி நெருக்கினோம். 2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்துப் பெருமழையில் அடையாறு கரை கடந்தபோது, முடிச்சூர் முதலிய பகுதிகளில் வீடுகளுள் வெள்ளம் புகுந்தது; மக்கள் படகேறி வெளியேறினர். நாம் மறந்த வழியை நீர் மறந்திலது.

ஆதலின், புறநகரில் மனை வாங்குங்கால், ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று வினவும் நாம், மழைநீர் எவ்வழியே செல்லும் என்றும் வினவுதல் வேண்டும். மாணவ நண்பர்கள் விடுமுறை நாளொன்றில் தத்தம் ஊர் ஏரியின் கலங்கலிலிருந்து அடுத்த ஏரி வரை நடந்து பார்ப்பாராயின், ஊர் எங்ஙனம் அமைந்தது என்பதும், எங்கே வழி அடைபட்டுள்ளது என்பதும் அவர்க்கு ஒருங்கே விளங்கும்.