பழைய வைஃபை கார்டும் புதுப் பூட்டும்

1999 ஜூலையில் நியூயார்க் மேக்வேர்ல்ட் மேடையில், ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபுக் லேப்டாப்பைக் கையில் தூக்கிக்கொண்டே இணையப் பக்கங்களைத் திறந்து காட்டினார். வயர் எதுவும் இல்லை என்று நிரூபிக்க, லேப்டாப்பை ஒரு ஹூலா ஹூப் வளையத்துக்குள் விட்டு எடுத்தார். உள்ளே இருந்தது ஏர்போர்ட் கார்டு. பெயர்தான் ஆப்பிள், அடிப்படையில் அது லூசென்ட் கம்பெனியோட ரேடியோ. வேகம் நொடிக்கு 11 மெகாபிட்.

நல்லா வெச்சிருந்தா அந்த ஐபுக் இன்னைக்கும் ஆன் ஆகும், கார்டும் வேலை செய்யும். ஆனா நம்ம வீட்டு வைஃபையில் மட்டும் சேராது. உடனே பலருக்கும் தோன்றும் வழி, ரவுட்டர் செட்டிங்ஸில் போய் பாதுகாப்பைப் பழைய முறைக்கு இறக்கிவிடுவது. ஒரே ஒரு பழைய மெஷினுக்காக, அதே வைஃபையில் இருக்கும் அம்மாவோட போன், தம்பியோட லேப்டாப் எல்லாத்துக்கும் சேர்த்துப் பூட்டைக் கழற்றும் வேலை அது. தயவுசெய்து அதைப் பண்ணாதீங்க. ஏன்னு பார்ப்போம்.

பழைய பூட்டு எப்படி உடைஞ்சது?

அந்தக் காலக் கார்டுகளுக்குத் தெரிந்த பாதுகாப்பு டபிள்யூ.இ.பி. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஒரு 24 பிட் எண்ணை நம்ம சாவிக்கு முன்னால் ஒட்டி, அதை ஆர்.சி.4 என்ற சைஃபரிடம் கொடுக்கும். 24 பிட் என்றால் மொத்தமே சுமார் 1.67 கோடி எண்கள். பிஸியான நெட்வொர்க்கில் சில மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்து, பழைய எண்ணே திரும்ப வரும். இதைவிடப் பெரிய ஓட்டையை 2001-ல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் மூவரும் காட்டினார்கள்: இப்படி ஒட்டும்போது சில எண்கள் சாவியைப் பற்றிய தடயத்தையே வெளியே விடுகின்றன. 2007-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் 104 பிட் சாவியை ஒரு நிமிடத்துக்குள் எடுத்தார்கள்.

"நான் எப்பவாவதுதானே ஆன் பண்றேன்" என்பது பதில் இல்லை. உடைப்பவர் ஒரு பாக்கெட்டைப் பிடித்து அதையே திரும்பத் திரும்ப அனுப்பி, தனக்கு வேண்டிய டிராஃபிக்கைத் தானே உண்டாக்கிக்கொள்வார். நெட்வொர்க் பெயரை மறைப்பது, மேக் முகவரி ஃபில்டர் போடுவது இரண்டும் உதவாது. பெயர், முகவரி ரெண்டுமே காற்றில் வெளிப்படையாகத்தான் போகின்றன.

ஒட்டுப்போட்ட பூட்டு

விற்றுப்போன கார்டுகளைத் தூக்கிப் போட முடியாது என்பதால், 2003-ல் டபிள்யூ.பி.ஏ வந்தது. அதில் இருந்த டி.கே.ஐ.பி முறை, அதே ஆர்.சி.4 ஹார்டுவேரை வைத்து, ஃபர்ம்வேர் அப்டேட் மூலமே ஓடும்படி டிசைன் செய்யப்பட்டது. பாக்கெட்டை யாராவது மாற்றினார்களா என்று சோதிக்க 'மைக்கேல்' என்ற கணக்கு. பழைய கார்டில் இருந்த குட்டி ப்ராசஸரால் ஷிஃப்ட், கூட்டல் மாதிரி எளிய வேலைகள்தான் முடியும் என்பதால், மைக்கேலுக்கு வைத்த இலக்கே 20 பிட் பலம்தான். அந்தக் குறையைச் சமாளிக்க ஒரு விதி: 60 நொடிக்குள் இரண்டு முறை சோதனை தோற்றால், நெட்வொர்க் 60 நொடி நின்றுவிட வேண்டும்.

2004-ல் ஏ.இ.எஸ் அடிப்படையிலான டபிள்யூ.பி.ஏ 2 வந்தது. நம்ம ஏர்போர்ட் கார்டு அங்கே போகவே இல்லை. மேக் ஓஎஸ் 9-ல் டபிள்யூ.இ.பி மட்டும், 10.3 போட்டால் டி.கே.ஐ.பி வரை. அவ்வளவுதான்.

சிப் பழசு என்பது மட்டும் காரணமில்லை. அதே தலைமுறை பிரிஸம் கார்டுகள் லினக்ஸில் ஜோனி மாலினன் எழுதிய ஹோஸ்ட்ஏபி டிரைவரோடு டபிள்யூ.பி.ஏ 2-வில் சேர்ந்தன. ஃபர்ம்வேர் 1.7.0 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும். ஏ.இ.எஸ் கணக்கை கம்ப்யூட்டரின் சிபியு போடும், கார்டு பாக்கெட்டைச் சுமந்துபோகும், அவ்வளவே. தன் வேலையை வெளியில் விட்டுக்கொடுக்க அந்தக் கார்டின் ஃபர்ம்வேர் வழி வைத்திருந்தது. இப்போதைய லினக்ஸ் கர்னலில் அந்த டிரைவர் இல்லை என்பதால், பழைய கர்னல் வேண்டும்.

சரி, என்ன பண்ணலாம்?

முதலில் ஸ்லாட்டைப் பாருங்க. லேப்டாப்பில் 32 பிட் கார்ட்பஸ் ஸ்லாட் இருந்தால், பின்னால் வந்த 54 மெகாபிட் கார்டைத் தேடலாம். எக்ஸ்பி எஸ்பி 3-ல் டபிள்யூ.பி.ஏ 2 உள்ளேயே இருக்கு. விண்டோஸ் 98 என்றால் கார்டோடு வரும் யுட்டிலிட்டி அதை சப்போர்ட் பண்ணணும், வாங்கும் முன் உறுதி செய்துகொள்ளுங்க. கார்ட்பஸ் கார்டின் முனையில் புடைப்புகளோடு ஒரு தங்க நிறப் பட்டை இருக்கும். 16 பிட் ஸ்லாட்டில் அது நுழையாது, அழுத்தித் தள்ளாதீங்க.

இதைவிட நல்ல வழி, பூட்டைப் பழைய மெஷினுக்கு வெளியே வைப்பது. ஒரு சின்ன டிராவல் ரவுட்டரை கிளையன்ட் மோடில் போட்டு, அதிலிருந்து லேன் கேபிளை லேப்டாப்பில் சொருகுங்க. டபிள்யூ.பி.ஏ 2, 3 எல்லாம் ரவுட்டரின் தலைவலி. பழைய மெஷினைப் பொறுத்தவரை அது வெறும் வயர், டாஸிலும் வேலை செய்யும். 1999 ஐபுக்கில் லேன் போர்ட் இருக்கு. 16 பிட் ஸ்லாட் மட்டும் உள்ள லேப்டாப்புக்கு 3காம் 3சி589 மாதிரி பழைய லேன் கார்டு போதும்.

'ஒரிஜினல் கார்டுலதான் ஓட்டுவேன்' என்றால், அதுக்கென்று தனியாக ஒரு பழைய ஆக்சஸ் பாயின்ட் வைங்க. வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்காதீங்க. இன்னொரு ரெட்ரோ மெஷினுக்கு ஃபைல் அனுப்ப, கேம் ஆட அது போதும். வேலை முடிந்ததும் ஆஃப்.

கடைசியா ஒண்ணு. டிராவல் ரவுட்டர் காப்பது காற்றில் போகும் பகுதியை மட்டும்தான். விண்டோஸ் 98-க்கு 2006-லும், எக்ஸ்பிக்கு 2014-லும் சப்போர்ட் நின்றுவிட்டது. அதனால் அந்த ரவுட்டரை வீட்டு கெஸ்ட் நெட்வொர்க்கில் சேருங்க, பழைய மெஷினில் எந்த அக்கவுன்ட்டிலும் லாகின் பண்ணாதீங்க. ரெட்ரோ மெஷினே இல்லாதவங்களும் ஒரு தடவை வீட்டு ரவுட்டர் பக்கத்தைத் திறந்து பாருங்க. டபிள்யூ.இ.பி அல்லது டி.கே.ஐ.பி ஆன் ஆகி இருந்தால், இன்னைக்கே மாத்திடுங்க.