பேர் போகாத கிளினிக்

இலங்கை மலையகத்தின் ஹட்டன், டிக்கோயா, நுவரெலியா தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்; வேலைக்குப் போகாவிட்டால் பேரே இல்லை. காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு)ப் போய் மலையேற வேண்டிய பெண்ணுக்கு, மத்தியானத்தோடு மூடும் அரசாங்கக் கிளினிக் இலவசமல்ல. அது ஒரு நாள் சம்பளம். இதைப் பார்க்காமல், 'தோட்டத்து ஆட்கள் நோயை முற்றவிட்டுத்தான் வருவார்கள்' என்று குறை சொல்வது அநியாயம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டங்களில் 32 வீதம். சம்பளமும் லயத்து (வரிசை வீட்டு) வாழ்க்கையும் இதற்குப் பெரிய காரணங்கள்தான். ஆனால் மருத்துவத்தின் மீதுள்ள நம்பிக்கையின்மையும் சேர்கிறது; அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1912இன் மருத்துவத் தேவைகள் சட்டம் தொழிலாளரின் மருத்துவத்தைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தது. வேலை வாங்கியவர் கையிலேயே மருந்தும் இருந்தது. 1948இல் குடியுரிமையும் பறிபோன சமூகம் வெள்ளைக் கோட்டு மருத்துவரை எளிதில் நம்பிவிடுமா?

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி இனத்துத் தாதி இரிஹாபெட்டி ராம்ஸ்டன் 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்ற கருத்தை உருவாக்கினார். அந்நாட்டுத் தாதியர் சபை 1992இல் அதைப் பயிற்சியில் சேர்த்தது. சிகிச்சை பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்ல வேண்டியவர் சிகிச்சை பெற்றவர்தான் என்பது அதன் சாரம். மலையகத் தமிழர் பூர்வகுடிகள் அல்லர். ஆனாலும் இந்த அளவுகோல் இங்கே அப்படியே பொருந்துகிறது. சிங்களம் மட்டும் பேசும் கிளினிக்கில், கருப்பை இறக்கத்தோடு வரும் தாய்க்கு, சிங்களம் தெரிந்த பதினான்கு வயது மகன் மொழிபெயர்க்க நின்றால், அவள் 'இடுப்பு வலி' என்று மட்டும் சொல்வாள். மாத்திரை கிடைக்கும். பதிவேட்டில் அது சிகிச்சை, அவளுக்கு அல்ல.

'எல்லாரையும் ஒரே மாதிரித்தான் பார்க்கிறோம்' என்று ஊழியர்கள் சொல்வார்கள். மொழி புரியாதவரையும் புரிந்தவரையும் ஒரே மாதிரிப் பார்ப்பதில் சமத்துவம் இல்லை. தமிழ் தெரிந்த ஊழியர் போதாது என்ற மறுப்பு மெய்யானது. 1987 முதல் தமிழும் அரச கரும மொழி. ஆனால் தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு அரிதாக இருக்கும்போது தாதியும் மருத்துவிச்சியும் எங்கிருந்து வருவார்கள்? 2017இல் இந்திய உதவியுடன் டிக்கோயாவில் 150 கட்டில் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. நல்லதே. ஆனால் மேல் டிவிஷன் லயத்திலிருந்து அங்கே இறங்கி வருவதற்கே அரை நாள் போய்விடும். சிகிச்சையை வீட்டருகே கொண்டுபோகும் முன்மாதிரி இங்கேயே உண்டு. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகின் வழியே, ஊரிலேயே தங்கி வீடு வீடாகப் போகும் மருத்துவிச்சியை இந்த நாடு வளர்த்தெடுத்தது. தோட்டத்துப் பிள்ளைகளையே அந்த வேலைக்குப் பயிற்றி, அந்தியில் கொழுந்து நிறுத்த பிறகு பிள்ளைக் காம்பராவில் (குழந்தைகள் பராமரிப்பு அறையில்) கிளினிக் வைக்கலாம். கூடையை இறக்கிவிட்டு வருகிற பெண்ணுக்கு அன்றைய பேரும் போகாது. மகனைக் கூட்டிவர வேண்டிய தேவையும் இராது.