கார்பன் டெட்ராகுளோரைடைப் புள்ளியிட்டு வரைவது எப்படி?

1916-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரிலிருந்த கில்பர்ட் லூயிஸ் என்னும் ரசாயன அறிஞர், இரண்டிரண்டு எலெக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துக்கொண்டு அணுக்கள் பிணைகின்றன என்று விளக்கி, மூலக்கூறுகளைப் புள்ளிகளால் எழுதிக்காட்டும் முறையை வகுத்தளித்தார். அம்முறையில் கார்பன் டெட்ராகுளோரைடை எழுதப் புகுவோர் முதற்கண் செய்யவேண்டிய காரியம், வெளிக்கூட்டு எலெக்ட்ரான்களை எண்ணுவதே: கார்பனுக்கு 4, குளோரின் நான்குக்கும் தலைக்கு 7, ஆக 32. எலெக்ட்ரானைக் கவரும் சக்தி குறைந்த கார்பனை நடுவில் வைத்து, நாற்புறமும் குளோரினை நிறுத்தி, ஜோடிக்கு ஒரு கோடாக இழுத்தால் 8 செலவாகும். எஞ்சிய 24-ஐக் குளோரின் ஒவ்வொன்றுக்கும் மும்மூன்று ஜோடிகளாகப் பகிர்ந்திட, எல்லா அணுக்களுக்கும் எட்டு பூர்த்தியாகும். மாணாக்கர் பெரும்பாலும் வரைய மறப்பது இந்தப் பிணையாத ஜோடிகளைத்தான்.

ஆயினும், காகிதத்தில் 90 பாகையில் சிலுவைபோல் நிற்கும் அப்படத்தையே மூலக்கூறின் ஸ்வரூபமென்று கொள்ளலாகாது. கார்பனைச் சூழ்ந்து ஒன்றையொன்று விலக்கும் நான்கு ஜோடிகளும் கூடியவரை அகன்று நிற்க முயல்வதால், அவை நான்முகியின் மூலைகளை நோக்கி, ஏறத்தாழ 109.5 பாகைக் கோணத்தில் அமைகின்றன. அந்தச் சமச்சீரின் காரணமாகவே, ஒவ்வொரு பிணைப்பிலும் எலெக்ட்ரான்கள் குளோரின் பக்கம் சாய்ந்திருந்தும், மூலக்கூறு முழுமைக்கும் மின்முனைவு இல்லாது போகிறது.