கரத்தை ரோட்டிலே ஒரு துவிச்சக்கர வண்டி

ஆடி பிறந்துவிட்டால் ஊவா மலைகளிலே கச்சான் காற்று வீசத் தொடங்கிவிடும். ஹற்றன், நுவரெலியாப் பக்கங்களில் மழை கொட்டும் அந்நாட்களில், தன் ஈரத்தையெல்லாம் மேற்குச் சரிவிலேயே இறக்கிவைத்துவிட்டு, வறண்ட காற்றாக மலைத்தொடரைத் தாண்டி நம் பக்கம் வருகிறது கச்சான். அந்தக் காற்றிலே வாடும் கொழுந்திலிருந்துதான் ஊவாத் தேயிலைக்கே உரிய நறுமணம் பிறக்கிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை பறிக்கும் கொழுந்துக்கு உலகச் சந்தையிலே தனி மதிப்பு உண்டு என்பதைத் தேயிலையோடு பழகியவர் யாவரும் அறிவர்.

தேயிலைக்கு உகந்த இப்பருவமே துவிச்சக்கர வண்டிக்கும் உகந்த பருவம். பாதை உலர்ந்திருக்கும், அட்டைக்கடி குறைந்திருக்கும், காலைப் பொழுதில் மலை முகடுகள் துலக்கமாய்த் தெரியும். விடுமுறை நாட்களிலே பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம் என்று எண்ணும் பெற்றோருக்கும், புத்தகத்துக்கு வெளியேயும் சரித்திரம் உண்டா என்று கேட்கும் மாணவர்களுக்கும் இக்கட்டுரை பயன்படுமாயின் மகிழ்வேன்.

பிரான்சு தேசத்திலே லுவார் என்ற ஆற்றை ஒட்டி ஏறத்தாழ 900 கிலோமீற்றர் நீளமான துவிச்சக்கர வண்டிப் பாதை ஒன்று உண்டு. அதிலே செல்வோர் அரசர்களும் பிரபுக்களும் எழுப்பிய மாளிகைகளைக் கண்டு களிக்கிறார்கள். கட்டுவித்தவர் யார், எந்த ஆண்டிலே கட்டினார், எந்த அரசி எந்தச் சாளரத்தருகே அமர்ந்தாள் என்பதையெல்லாம் அங்கே சொல்லக் கேட்கலாம். அப்பள்ளத்தாக்கின் ஒரு பகுதி 2000ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிலே சேர்க்கப்பட்டது. நம் ஊவாவிலோ மாளிகைகள் சில, பாதைகளே பல. அந்தப் பாதைகளை ஆக்கியவர் யார் என்று சொல்ல ஒரு கல்வெட்டும் இல்லை. அங்கே மாளிகையைப் பார்க்கப் பாதையிலே செல்கிறார்கள். இங்கே பாதையே பார்க்கவேண்டிய பொருள்.

ஏற்றத்தின் கணக்கு

தோட்டப் பாதைகள் துவிச்சக்கர வண்டிக்கு ஏன் இத்துணை இசைவாயிருக்கின்றன? கரத்தை என்னும் மாட்டு வண்டிகள் பாரத்தோடு ஏறி இறங்க வேண்டும் என்பதற்காகவே அவை வெட்டப்பட்டன. செங்குத்தாய் ஏறினால் மாடு நின்றுவிடும். ஆகையால் மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றி, ஒரே அளவான ஏற்றத்திலே பாதையை எடுத்துச் சென்றார்கள். மழைநீர் பாதையை அரிக்காதபடி மலையோரமாகக் கான் வெட்டினார்கள்; ஓடைகளின் மீது மதகு கட்டினார்கள். இன்றும் முதியோர் இவற்றைக் கரத்தை ரோட்டு என்றே சொல்கிறார்கள். மாட்டுக்கு இரங்கி வகுத்த அந்த ஏற்றம் இன்று நம் முழங்காலுக்கும் இரங்குகிறது!

பதுளையைச் சுற்றி

புதியவர்கள் பதுளை நகரிலேயே தொடங்கலாம். முத்தியங்கனை விகாரையும் கதிர்காமத் தேவாலயமும் நகருக்குள்ளேயே உள்ளன. அருகிலே மார்க்கு முனிவர் பெயரால் ஓர் ஆங்கிலத் திருச்சபைக் கோவில் உண்டு. ஊவாவிலே பாதைகள் வெட்டுவித்தவரும், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று பேசப்படுபவருமான மேஜர் ரோஜர்ஸ், 1845இல் ஹப்புத்தளையிலே மின்னல் தாக்கி மாண்டார். அவர் நினைவாக எழுந்ததே அந்தக் கோவில். வெட்டுவித்தவருக்கு ஒரு நினைவாலயம் இருக்கிறது; வெட்டியவர்களை இனித்தான் தேடவேண்டும்.

நகரிலிருந்து மகியங்கனை வீதியிலே ஏறத்தாழ 5 கிலோமீற்றர் சென்றால் துன்ஹிந்தை நீர்வீழ்ச்சிக்குப் போகும் வழி வரும். 64 மீற்றர் உயரத்திலிருந்து நீர் விழும்போது எழும் புகையே அதற்கு அப்பெயரைத் தந்தது. மற்றொரு நாள் ஹாலிஎலைப் பக்கமாகச் சென்று, போகொடையிலே கூரை வேய்ந்த பழைய மரப்பாலத்தைக் காணலாம். இவ்வழிகளிலே சிங்களக் கிராமங்கள் பல வரும். 1818இல் ஒடுக்கப்பட்ட ஊவாக் கிளர்ச்சியின்போது வயலும் வீடும் எரிந்து பெருந்துன்பம் கண்டவர்கள் இம்மண்ணின் மக்கள். அவர்கள் துயரத்தையும் அறிந்துகொண்டே நம் துயரத்தைப் பேசுவதுதான் நேர்மை.

எல்லவிலிருந்து பசறைக்கு

கால் பழகியவர்களுக்கு ஏற்றது எல்லவிலிருந்து நமுனுகுலை வழியாகப் பசறைக்குச் செல்லும் பாதை. 2,036 மீற்றர் உயரமான நமுனுகுலை மலை, ஒன்பது முகடுகளோடு தலைக்கு மேலே நிற்கும். வழிநெடுகத் தேயிலை, இடையிடையே லயங்கள், வளைவு தோறும் ஒரு மாரியம்மன் கோவிலோ முனியாண்டி கல்லோ கண்ணில் படும். பசறையை அடைந்தபின் பெருவீதி வழியாகப் பதுளைக்குத் திரும்பலாம்.

புறப்படுமுன் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்துவிடுங்கள். உருக்கு வளைகள் இன்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் 1921இல் முடிக்கப்பட்டது அது. தெமோதரையிலே தண்டவாளம் ஒரு சுற்றுச் சுற்றி, தான் கடந்துவந்த புகையிரத நிலையத்தின் அடியிலேயே சுரங்கமாக நுழைகிறது. 1924இல் பதுளையை எட்டிய இந்த இருப்புப்பாதை தேயிலையைக் கொழும்புக்குக் கொண்டுசென்றது. பிற்காலத்திலே மனிதரையும் கொண்டுசென்றது. 1948இன் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்களிலே 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென 1964இல் இரு நாட்டுத் தலைவர்களும் உடன்பட்டார்கள். அவ்வொப்பந்தப்படி புறப்பட்டவர்களையும் வழியனுப்ப வந்தவர்களையும் ஒருங்கே அழவைத்த அந்த வண்டிக்கு மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது.

தம்பேதன்னை வீதியிலே

மூன்றாவது வழியே என் உள்ளத்துக்கு நெருக்கமானது. ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலை வரை ஏறத்தாழ 10 கிலோமீற்றர். அதற்கு மேல் 7 கிலோமீற்றர் ஏறினால் லிப்டன் ஆசனம். 1869இலே தலைகாட்டிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தபின், தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1890இலே இங்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், இம்முகட்டில் அமர்ந்து தம் நிலங்களை நோக்குவாராம். இன்று அவ்விடத்திலே அவருடைய உருவச்சிலை ஆசனத்தில் அமர்ந்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுமுறையிலே என் மாணவர் நால்வரோடு இவ்வழியே சென்றேன். முகில் ஏறுமுன் உச்சியை அடையவேண்டும் என்று விடியலிலேயே புறப்பட்டோம். நால்வரிலே ஒருவன் தோட்டத்துப் பிள்ளை. ஆயினும் ஊர் எது என்று யாரும் கேட்டால், "டவுன்" என்றே சொல்வான். நான் அவனைக் கண்டித்ததில்லை. லயத்திலே பிறந்து நகரத்துக் கல்லூரிக்கு வந்த நானும் அவன் வயதிலே அதே பொய்யைச் சொன்னவன்தானே!

பாதி ஏற்றத்திலே, பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் எங்களை நிறுத்தினார்.

"எங்க தம்பிகளா போறீங்க?"

"லிப்டன் சீட்டுக்குப் பாட்டி" என்றான் ஒருவன்.

"அந்தத் தொரை குந்துன எடத்தப் பாக்க ஒலகமே வருது. இந்த ரோட்டுக்குக் கல்லு ஒடச்சவரு எங்க தாத்தா. அவரு குந்துன எடத்தக் காட்டவா?"

குடத்தை இறக்கிவைத்துவிட்டு முன்னே நடந்தார். அடுத்த வளைவிலே, கானோரத்தில், முழங்கால் உயரமான ஒரு கருங்கல் கிடந்தது. மத்தியானத்திலே அதன்மேல் அமர்ந்து வெற்றிலை போடுவாராம் பாட்டனார். அவ்வளவுதான். பலகை இல்லை; சிலை இல்லை. எத்தனையோ முறை அந்தக் கல்லைக் கடந்து சென்றிருக்கிறேன், ஒருமுறையும் கண்டதில்லை.

"பாட்டி, தாத்தா பேரு என்ன?" என்று கேட்டவன் அந்தத் தோட்டத்துப் பையன்தான். அவர் சொன்ன பெயரைத் தன் கொப்பியிலே எழுதிக்கொண்டான். திரும்பி இறங்கும்போது வண்டியை என் அருகே கொண்டுவந்து, "சேர், எங்க தோட்டத்து ரோட்ட யாரு வெட்டினாங்க?" என்றான்.

"வீட்டிலே கேள்" என்றேன். "சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேள்."

அடுத்த தவணையிலே அவன் என்னிடம் காட்டிய கொப்பியில் 11 பெயர்கள் இருந்தன. கீழே தன் தோட்டத்தின் பெயரைத் திருத்தமான கையெழுத்திலே எழுதியிருந்தான்.

சில எச்சரிக்கைகள்

மலையிலே ஏறுவதைவிட இறங்குவதே கடினம். பதினான்கு வயதிலே இரவல் வண்டியொன்றில் இறங்கி, பிரேக் கட்டை தேய்ந்திருந்ததை அறியாமல் கானுக்குள் விழுந்தவன் நான். முழங்காலிலே அதன் தழும்பு இன்னும் இருக்கிறது. ஆகவே இரு பிரேக்குகளையும் முதல் நாளே சோதியுங்கள். நீண்ட இறக்கத்திலே பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே வராமல், விட்டு விட்டுப் பிடியுங்கள். வளைவு தோறும் மணி அடியுங்கள். கொழுந்து ஏற்றிவரும் லொறி எதிரே வரலாம். தோட்டத்துக்கு உட்பட்ட பாதையாயின் காவற்காரரிடம் அனுமதி கேளுங்கள்.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை இப்பக்கத்துக்குரிய பெருமழைக் காலம். அப்போது மலைப்பாதைகளைத் தவிர்த்தல் நன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையிலே கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியதை நாம் மறத்தலாகாது. நாம் ஒரு நாள் தவிர்க்கக்கூடிய சரிவிலே நம் மக்கள் ஆண்டு முழுதும் உறங்குகிறார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கொழுந்து பறிக்கும் பெண்களைக் கண்டவுடன் படம் எடுக்க விரையவேண்டாம். முதலிலே வணக்கம் சொல்லுங்கள், நலம் விசாரியுங்கள். அவர்கள் காட்சிப் பொருள்கள் அல்லர், அப்பாதையின் உரிமைக்காரர்.

கண்டி ஹந்தானையிலிருந்து ஹப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியா வரை, 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடைபாதை ஒன்றைப் பழைய தேயிலைப் பாதைகளை இணைத்து அண்மையிலே வகுத்திருக்கிறார்கள். பீக்கோ பாதை என்பது அதன் பெயர். வெளிநாட்டார் பலர் அதிலே ஆர்வத்தோடு நடக்கிறார்கள். நல்லதே. ஆயினும் அவர்கள் நம்மிடம் இப்பாதையின் கதையைக் கேட்டால், லிப்டனுடைய பெயரை மாத்திரந்தானா நாம் சொல்லப்போகிறோம்?

மோட்டார் வண்டியிலே செல்பவனுக்கு மலை தெரியும். துவிச்சக்கர வண்டியிலே செல்பவனுக்கு மலையோடு கல்லும் தெரியும். வருகிற விடுமுறையிலே புறப்படுங்கள். தண்ணீர்ப் போத்தலோடு ஒரு கொப்பியையும் பென்சிலையும் எடுத்துச் செல்ல மறவாதீர்கள். பீலியடியிலே பெரியவர் யாரையாவது கண்டால் வண்டியை நிறுத்துங்கள்.