கிறித்தவத்தில் இறையன்பு

கிறித்தவத்தில் இறையன்பு என்பது, கடவுள் மனிதர்மீது தாமாகவே முன்வந்து காட்டும் அன்பைக் குறிக்கும். அந்த அன்பை ஏற்றுக்கொண்டவர் அதற்குத் தரும் மறுமொழியும் இச்சொல்லின் பொருளில் அடங்கும். தமிழ்க் கத்தோலிக்கர் பெரும்பாலும் இதனை 'இறையன்பு' என்றும், சீர்திருத்தத் திருச்சபையினர் 'தேவ அன்பு' என்றும் வழங்குவர். பொருள் ஒன்றே. யோவானின் முதல் திருமுகம், கடவுள் அன்பு காட்டுகிறார் என்பதோடு நில்லாமல், அவருடைய இயல்பே அன்பு என்கிறது (4:8, 16). அதே அதிகாரத்தின் 19ஆம் வசனம் வரிசையையும் தெளிவாக்குகிறது. முதலில் அன்பு செய்தவர் கடவுள். மனிதரின் அன்பு அதன் விளைவு. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, 'நான் நல்லவனாக நடந்தால் கடவுள் என்னை நேசிப்பார்' என்று எண்ணுவதே நம்பிக்கையாளரிடையே பரவலாகக் காணப்படும் பிழை.

பழைய ஏற்பாட்டில்

பழைய ஏற்பாட்டின் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டின் கடவுள் அன்பானவர் என்று பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. நூலைத் திறந்து பார்த்தால் இப்பிரிவினை நிற்பதில்லை. இசுரயேல் மக்கள் எண்ணிக்கையில் பெரியவர்களாக இருந்ததால் கடவுள் அவர்களைத் தேர்ந்துகொள்ளவில்லை, அவர்கள் எல்லாரிலும் சிறிய இனமாகவே இருந்தார்கள், அவர்கள்மீது அன்புகொண்டதே காரணம் என்று இணைச்சட்ட நூல் (7:7-8) சொல்கிறது. அன்புக்குக் காரணம் கேட்டால், அன்பே காரணம் என்று விடை வருகிறது. ஓசேயா இறைவாக்கினர் நூல் இன்னும் நெருக்கமாகப் பேசுகிறது. அதன் 11ஆம் அதிகாரத்தில் கடவுள், பிள்ளைக்கு நடை பழக்கிய பெற்றோரைப் போல நின்று, விலகிப்போன பிள்ளையைக் கைவிட மனம் வராமல் தவிக்கிறார். உடன்படிக்கைக்கு உண்மையாக நிலைத்திருக்கும் இந்தப் பேரன்பை எபிரேய மொழியில் 'ஹெசெட்' என்பர்.

அன்பைக் குறிக்கும் சொற்கள்

கிரேக்கத்தில் அன்பைக் குறிக்கப் பல சொற்கள் உண்டு. அவற்றுள் புதிய ஏற்பாடு மிகுதியாகப் பயன்படுத்துவது 'அகாபே'. காதல் வேட்கையைக் குறிக்கும் 'ஏரோஸ்' அதில் இடம்பெறவே இல்லை. இதை வைத்து, அகாபே என்றால் தன்னலமற்ற தெய்வீக அன்பு, 'ஃபிலியா' என்றால் வெறும் நட்பு என்று மறையுரைகளில் கோடு கிழிப்பதுண்டு. இது மிகை. தந்தை மகன்மீது கொண்ட அன்பை யோவான் நற்செய்தி ஓரிடத்தில் (5:20) ஃபிலியாவின் வினைச்சொல்லாலேயே சொல்கிறது. மறுபுறம், அம்னோன் தாமார்மீது கொண்ட கேடான இச்சையைச் சொல்லப் பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பு அகாபேயின் வினைச்சொல்லையே ஆள்கிறது. ஆகவே இறையன்பு எத்தகையது என்பதை அகராதியைக் காட்டிலும் இயேசு சொன்ன கதைகளிலும் அவர் செயல்களிலும் தேடுவதே பொருத்தம்.

இரு மகன்களின் உவமை

லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் வரும் இந்த உவமையை 'ஊதாரி மகன்' என்ற பெயரால் அறிவோம். அப்பெயர் கதையின் பாதியை மறைத்துவிடுகிறது. வரிதண்டுவோருடனும் பாவிகள் எனப்பட்டவர்களுடனும் இயேசு உணவருந்துவதைப் பரிசேயரும் மறைநூல் அறிஞரும் குறை சொல்கிறார்கள்; அவர்களுக்கு விடையாகத்தான் இக்கதை சொல்லப்படுகிறது. எனவே கேட்பவர்கள் முதன்மையாக மூத்த மகனின் இடத்தில் இருப்பவர்கள்.

இளைய மகன் தந்தை உயிரோடிருக்கும்போதே பாகம் கேட்டு வாங்கி, தொலைநாட்டில் அழித்து, பன்றி மேய்க்கும் நிலைக்கு வருகிறான். யூதன் ஒருவனுக்கு அதைவிடத் தாழ்வு இல்லை. திரும்பி வரும்போது சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொள்கிறான். நான் பாவம் செய்தேன், மகன் எனப்படத் தகுதியற்றவன், கூலியாளாக வைத்துக்கொள்ளும் என்பவை அதில் உண்டு. ஆனால் தந்தையின் முன் நின்றபோது கூலியாள் பற்றிய பகுதி அவன் வாயில் வரவில்லை. அதற்குமுன் தந்தை பணியாளரை அழைத்து ஆடையும் மோதிரமும் காலணியும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். மனந்திரும்புதல் தேவையில்லை என்பதல்ல இதன் பொருள். அவன் திரும்பித்தான் வந்தான். ஆனால் அவன் பேச்சைக் கேட்டுத் தந்தையின் மனம் மாறவில்லை. தொலைவில் கண்டபோதே ஓடி வந்தவர் அவர்.

மூத்தவன் வயலிலிருந்து வருகிறான், ஆடல்பாடல் ஒலி கேட்கிறான், உள்ளே வர மறுக்கிறான். தந்தை அவனைத் தேடியும் வெளியே வருகிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இத்தனை ஆண்டுகள் அடிமை போல உழைத்ததாகவும், ஓர் ஆட்டுக்குட்டிகூடத் தனக்குக் கிடைக்கவில்லை என்றும் அவன் முறையிடுகிறான். 'தம்பி' என்று சொல்ல நா எழவில்லை. 'உம்முடைய மகன்' என்கிறான். தந்தையோ 'உன் தம்பி' என்று திருத்திச் சொல்லி, தம்முடையது எல்லாம் அவனுடையதே என்கிறார். ஒரே வீட்டில் இருந்துகொண்டே ஒருவன் கூலியாளாக மாறியிருக்கிறான். ஆலயத்துக்கு ஒழுங்காகச் செல்வோரும், காணிக்கையும் நேர்ச்சையும் தவறாமல் செலுத்துவோரும் நின்று படிக்க வேண்டிய பகுதி இது. நன்றியாகச் செலுத்தும் நேர்ச்சைக்கும், கணக்குத் தீர்க்கச் செலுத்தும் நேர்ச்சைக்கும் வெளிப்பார்வையில் வேறுபாடு தெரியாது. மூத்தவன் உள்ளே போனானா என்று இயேசு சொல்லவில்லை.

மனிதரின் மறுமொழி

அன்பை விலைக்கு வாங்க முடியாது என்றால், நற்செயல்கள் எதற்கு? சீர்திருத்த மரபில் 1563இல் வெளிவந்த ஹைடல்பர்க் வினாவிடை நூல் இதற்குத் தன் அமைப்பிலேயே விடை தருகிறது. மனிதரின் அவலம், மீட்பு, நன்றியறிதல் என்ற மூன்று பகுதிகள் கொண்ட அந்நூலில் பத்துக் கட்டளைகளின் விளக்கம் மூன்றாவது பகுதியில், அதாவது நன்றியின்கீழ் வருகிறது. கத்தோலிக்கத் துறவி கிளேர்வோ பெர்னார்து (இறப்பு 1153) அன்பின் வளர்ச்சியை நான்கு படிகளாகக் கண்டார். தன் நலனுக்காகத் தன்னையே நேசித்தல் முதல் படி. தன் நலனுக்காகக் கடவுளை நேசித்தல் இரண்டாவது. கடவுளுக்காகவே கடவுளை நேசித்தல் மூன்றாவது. நான்காவதும் உயர்ந்ததுமான படி, கடவுளுக்காகத் தன்னை நேசித்தல். தன்னை வெறுப்பதே பக்தி என்று நினைப்போருக்கு இது வியப்பாக இருக்கும்.

லூக்கா 7ஆம் அதிகாரத்தில், பரிசேயர் சீமோன் வீட்டில் ஒரு பெண் இயேசுவின் காலடிகளைக் கண்ணீரால் நனைக்கிறார். ஒருவர் 500 தெனாரியமும் மற்றவர் 50 தெனாரியமும் கடன்பட்டு, இருவர் கடனும் தள்ளுபடியான கதையை இயேசு அங்கே சொல்கிறார். அதிகம் மன்னிக்கப்பட்டவரிடம் அதிக அன்பு பிறக்கிறது என்பது கதையின் போக்கு. அப்பெண்ணின் கண்ணீர் மன்னிப்புக்குக் கொடுத்த விலை அல்ல. இந்த மறுமொழி அயலாரிடம் சென்று சேராவிட்டால் பொய்யாகிவிடும் என்பதிலும் விவிலியம் கண்டிப்பாக இருக்கிறது. கண்ணால் காணும் சகோதரரை வெறுத்துக்கொண்டு காணாத கடவுளை நேசிப்பதாகச் சொல்வோரை யோவானின் முதல் திருமுகம் (4:20) பொய்யர் என்றே அழைக்கிறது.

துன்ப வேளையில்

நோயும் இழப்பும் வரும்போது, கடவுள் என்னை நேசிக்கவில்லை என்ற எண்ணம் எழுவது இயல்பு. அதை நம்பிக்கைக் குறைவு என்று கடிந்துகொள்வது விவிலியத்தின் வழி அன்று. எபிரேய எண்ணிக்கையில் 88ஆவதான திருப்பாடல், ஆறுதல் ஏதுமின்றி இருளிலேயே முடிகிறது. அதையும் மன்றாட்டாகவே மக்கள் போற்றி வந்திருக்கிறார்கள். சிலுவையில் இயேசுவே கைவிடப்பட்டவராகக் கதறினார். இன்பமும் வெற்றியும் இறையன்பின் அளவுகோலாக இருந்திருந்தால் சிலுவைக்கு அங்கே இடமிருந்திருக்காது. உரோமையர் திருமுகத்தில் (8:35) பவுல் பட்டியலிடுபவை வேதனை, நெருக்கடி, பட்டினி, ஆடையின்மை, இடர், வாள் முதலியவை. இவை வராது என்று அவர் உறுதி கூறவில்லை. இவை வந்தாலும் கிறித்துவின் அன்பிலிருந்து பிரிக்க இயலாது என்கிறார்.

பேதுருவிடம் கேட்ட கேள்வி

மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம், உயிர்த்த இயேசு திபேரியக் கடலோரத்தில் மூன்று முறை அன்பைப் பற்றிக் கேட்கிறார் (யோவான் 21). கிரேக்க மூலத்தில் இருவேறு வினைச்சொற்கள் வருவதால், பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'அன்பு', 'நேசம்' என மாற்றி மாற்றி எழுதியிருக்கிறது. மறுதலித்ததைப் பற்றி இயேசு ஒரு சொல்லும் கேட்கவில்லை. பேதுரு தந்த ஒவ்வொரு விடைக்குப் பின்னும் அவர் சொன்னது, தம் ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும்படி மட்டுமே.