மூட்டு மாற்று அறுவை: வீடும் ஆயத்தமாகட்டும்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடந்து செல்வோர், உப்புக் குவியல்களின் வெண்மையைக் கண்டு வியப்பர். அந்த உப்பை வாரிச் சுமந்த கால்களை நினைப்போர் சிலரே. வெயிற்காலம் முழுதும் உவர்நீரில் நின்று, வரப்பின்மீது கூடை சுமந்த முழங்கால்கள், முதுமையில் குருத்தெலும்பு தேய்ந்து நோவெடுக்கின்றன. உப்பளத்தில் கால் வைக்காத நம் வீட்டுத் தாய்மார்களுக்கும் இந்நோய் புதிதன்று.

மருந்தும் பயிற்சியும் பயன் தராதபோது மருத்துவர் மூட்டு மாற்று அறுவையைப் பரிந்துரைக்கிறார். 1962-இல் ஜான் சார்ன்லி இங்கிலாந்தில் இடுப்பு மூட்டு மாற்றில் கண்ட வெற்றி, இத்துறைக்குப் புது வழி திறந்தது. செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு இந்திய அரசு 2017-இல் விலை உச்சவரம்பு விதித்தது. மரக்காணத்தார்க்குப் புதுவை ஜிப்மரும், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எட்டும் தொலைவிலேயே உள்ளன. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருப்பின், அது செல்லுமா என்று முன்னரே கேட்டறியுங்கள்.

நாள் குறித்தபின் செய்ய வேண்டியவை பல. முதலாவது, கால்களைப் பாருங்கள். பாதவெடிப்பு, உப்பு அரித்த புண், நகச்சுற்று எதுவாயினும் ஆறிய பின்னரே அறுவை நடைபெற வேண்டும். சிறு புண்ணில் நுழையும் கிருமி, புதிய மூட்டைப் பற்றிக்கொண்டால் அதனை அகற்றுதல் பெரும்பாடு. சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று ஆகியவற்றையும் மறைக்காதீர்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் வரட்டும். பீடி, சிகரெட்டைச் சில வாரங்களுக்கு முன்பே விட்டொழியுங்கள். உண்ணும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரையை அவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். முழங்காலில் உள்ள முடியை வீட்டில் சவரக்கத்தியால் மழிக்க வேண்டாம். அதனால் உண்டாகும் கீறலும் கிருமிக்கு வாசலாகும்.

தொடைத் தசைக்குரிய பயிற்சியை இப்போதே தொடங்கினால், அறுவைக்குப் பின் நடப்பது எளிதாகும். காலை நீட்டிப் படுத்து, முழங்காலைப் படுக்கையில் அழுத்தி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி விடுவது ஒரு பயிற்சி. நடைச் சட்டத்தைப் பிடித்து நடக்கவும் பழகுங்கள்.

அடுத்து வீடு. தரைப் பாய்க்குப் பதில் கட்டில், கைப்பிடியுள்ள உயரமான நாற்காலி, உட்கார்ந்து பயன்படுத்தும் கழிப்பிடம், குளியலறையில் பிடிக்கம்பி, இரவு விளக்கு ஆகியன தேவை. வழியில் கிடக்கும் விரிப்புகளை எடுத்துவிடுங்கள். முதல் சில வாரங்களுக்குச் சமையலையும் துணியையும் யார் ஏற்பது என்பதை மக்களும் மருமக்களும் கலந்து பேசட்டும். இதைப் பேசாமல் விட்டால், வலியோடு அடுப்படியில் நிற்பவர் அந்தத் தாயே!

“அறுவை செய்தால் ஸஜ்தா செய்ய முடியாதே” என்று அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடும் பெரியவர்கள் பலர். அறுவைக்குப் பின் தரையில் மண்டியிடுவது பலருக்குக் கடினமே. ஆனால் நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. நோயாளி விட்ட நோன்பையும் பின்னர் நோற்கலாம். சலுகையை ஏற்பது பலவீனமன்று.

வீடு திரும்பியபின் கெண்டைக்காலில் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், காயத்தில் சீழ், காய்ச்சல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

நமக்காக நடந்து தேய்ந்த கால்கள் அவை. அவை மீண்டும் நடக்க, நாம் சில நாள் ஓடினால் என்ன?